பிரேம் கடையில் நாலாவது ஆள்

புதன்கிழமை காலை எட்டரை மணிக்கு அழைப்பு மணி அடித்தபோது ஓட்டுநர் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தோரு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்ற மறுநாளே, இனி இந்த வீட்டில் டம்ளர் கழுவும் பொறுப்பு தன்னுடையது என்று மனைவியிடம் அறிவித்தவர், அன்றிலிருந்து ஒரு நாளும் தவறியதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவர் மனைவி, வேலையிடத்துக் காயங்களுக்கான காப்பீட்டு அலுவலகத்தில் முப்பது வருடம் விசாரணை அதிகாரியாக இருந்தவர். ஒருவருடைய விரல் நசுங்கியது எந்திரத்திலா, வீட்டுக் கதவிலா என்று காகிதத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார் என்று பேர். அவரும் ஓய்வு பெற்றாயிற்று. ஆனால் அக்கம்பக்கத்தில் யாரும் அதை ஒப்புக்கொள்வதாக இல்லை. இன்னமும் அவர் ‘விசாரணையம்மா’தான். சிக்கலான காகிதம் எது கையில் வந்தாலும் எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிடுவார்கள்.

வந்தவர் அடுத்த தெருவில் படங்களுக்கு பிரேம் போடும் பட்டறை வைத்திருக்கும் அம்மா. வயது நாற்பத்தைந்து இருக்கும். பழுப்பு நிற உறை ஒன்றை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். அந்த விரல்களில் ஐந்து பிளாஸ்திரிகள் இருந்தன. ஓட்டுநர் எண்ணிவிட்டார், எதையும் எண்ணுவது பழைய தொழில் பழக்கம்.

“கையில என்னம்மா?”

“காய் நறுக்கும்போது பட்டுடுச்சுங்க” என்று சொல்லிவிட்டு, பிரேம் கடையம்மா உறையை விசாரணையம்மாவிடம் நீட்டினார். “இதுல இருக்கிற கையெழுத்து என்னோடதுதான். ஆனா நான் போடலை.”

ஓட்டுநர் ஈரக்கையைத் துடைக்கக்கூட மறந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இப்படி ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவர் ஓய்வுக்காலம் முழுக்கக் காத்திருந்தார்.

உறைக்குள் காப்பீட்டு அலுவலகத்தின் கடிதம் இருந்தது. உங்கள் நிறுவனத்தைப் பதிவு செய்யக் கோரிய விண்ணப்பம் கிடைத்தது, வியாழன் காலை பதினோரு மணிக்கு ஆய்வாளர் நேரில் வந்து இடத்தையும் ஆட்களையும் சரிபார்ப்பார் என்று எழுதியிருந்தது. கூடவே விண்ணப்பத்தின் நகல். கடைசியில் பிரேம் கடையம்மாவின் கையெழுத்து.

“நான் விண்ணப்பமே அனுப்பலைம்மா. எங்க கடையில மூணு பேர் வேலை செய்யறாங்க. இதுல நாலு பேர்னு போட்டிருக்கு. இல்லாத ஆளை எங்கேயிருந்து கொண்டுவந்து நாளைக்கு நிறுத்துவேன்? பொய் சொல்லிப் பதிவு பண்ணேன்னு கடையையே இழுத்து மூடிட்டா?”

விசாரணையம்மா படிவத்தை நிதானமாகப் படித்தார். ஓட்டுநர் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். எழுத்துகள் பெரிது பெரிதாகக் கட்டத்தை விட்டு வெளியே நின்றன. வேலை வாரியாக ஆட்களின் எண்ணிக்கையும் அந்த வேலையில் அவர்களுக்குள்ள அனுபவமும் கேட்கப்பட்டிருந்தன. பிரேம் செய்தல், ஒருவர், பத்தொன்பது வருடம். அட்டை ஒட்டுதல், ஒருவர், ஆறு வருடம். கண்ணாடி வெட்டுதல், ஒருவர், ஏழு மாதம். பார்சல் கட்டுதல், ஒருவர், புதியவர். அதற்குக் கீழே பட்டறையின் நீளம் 8398 மில்லிமீட்டர், அகலம் 5198 மில்லிமீட்டர். பதினான்காம் கட்டத்தில், பொடி எழுத்துக்குப் பக்கத்தில், ஒரு டிக்.

“பார்சலுக்குன்னு தனி ஆளே கிடையாது. யாருக்குக் கை ஒழியுதோ அவங்க கட்டுவாங்க. அதோட, எங்க கண்ணாடி அண்ணன் கடை தொடங்கின நாள்லேருந்து இருக்கார். இருபத்தாறு வருஷம். அவரைப் போய் ஏழு மாசம்னு எழுதியிருக்கு பாருங்க.”

“யார் மேல சந்தேகப்படறீங்க?”

“பிரேம் செய்யறவன்தான். ஒரு வருஷமா பதிவு பண்ணுங்க, பதிவு பண்ணுங்கன்னு உயிரை எடுத்தான். இல்லாத ஆளை எழுதி வச்சு, அப்புறம் அந்த ஆளுக்கு அடிபட்டுதுன்னு ஏதாவது கிளப்புவானோ என்னவோ. சாயங்காலத்துக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும். அவன்தான்னா இன்னியோட அனுப்பிடுவேன். பத்தொன்பது வருஷம் கூடப் பிறந்தவன் மாதிரி வச்சிருந்தேன்.”

“கையெழுத்து எப்படிப் போச்சு?”

“தினமும் சாயங்காலம் டெலிவரி சீட்டு முப்பது நாப்பது மேசையில இருக்கும். பார்க்காமலே போட்டுத் தள்ளுவேன். நடுவுல செருகியிருப்பாங்க.”

“கடையை யார் திறப்பாங்க?”

“நான்தான். ஏழு மணிக்கு. மத்தவங்க ஒன்பதுக்கு வருவாங்க.”

“அந்த ரெண்டு மணி நேரம்?”

“கூட்டிப் பெருக்குவேன்” என்றார் பிரேம் கடையம்மா சட்டென்று.

“இவ்வளவு நாளா நீங்க ஏன் பதிவு பண்ணலை?”

நேரமே கிடைக்கவில்லை என்றார். சொல்லும்போது மடியிலிருந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் போன பிறகு ஓட்டுநர் தீர்ப்பு வழங்கினார். “பிரேம்காரன்தான், சந்தேகமே இல்லை. இன்னொண்ணு கவனிச்சியா? எழுத்து சின்னப் பிள்ளை எழுத்து மாதிரி இருக்கு. கையெழுத்தை மறைக்க அப்படி எழுதியிருக்கான்.”

“இருக்கலாங்க” என்றார் விசாரணையம்மா. “மறைக்கிறதுக்காகப் பெரிசா எழுதலாம். தான் எழுதினது தனக்குத் தெரியறதுக்காகவும் பெரிசா எழுதலாம். அளவு நாடாவை எடுத்துக்கோங்க.”

மதியம் மூன்று மணிக்கு இருவரும் பட்டறைக்குப் போனார்கள். தெருவைப் பார்த்த பெரிய ஜன்னலோடு ஒரே நீள அறை. சுவர் முழுக்கப் படம் இல்லாத பிரேம்கள் தொங்கின. பசையும் மரத்தூளும் கலந்த வாசனை. பிரேம் செய்பவர் ஒரு கையில் ரம்பமும் மறு கையில் பேச்சுமாக இருந்தார். வாய் ஓயவில்லை, ஆனால் மூலைகள் நான்கும் பிசிறில்லாமல் பொருந்தின. அட்டை ஒட்டும் பெண் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு பசை தடவினார். ஜன்னலோரம், கம்பளி விரித்த மேசையில், கண்ணாடி வெட்டுபவர். அறுபதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். வந்தவர்களின் காலடிச் சத்தம் கேட்டே தலையைத் திருப்பி “வாங்க” என்றார்.

பிரேம் கடையம்மா அவர்களை வாடிக்கையாளர்கள் என்று அறிமுகப்படுத்தினார். புதிதாக வாங்கப்போகும் பெரிய படத்துக்கு இடம் பார்ப்பதாகச் சொல்லி விசாரணையம்மா நாடாவை விரித்தார். எவன் வீட்டுப் படத்துக்கு எவன் பட்டறையை அளப்பான் என்று ஓட்டுநருக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் குந்தினார்.

“எட்டாயிரத்து நானூறு” என்றார் விசாரணையம்மா. “இன்னொரு தடவை பிடிங்க.”

மூன்று தடவை பிடித்தார்கள். எட்டாயிரத்து நானூறுதான். அகலம் ஐயாயிரத்து இருநூறு. படிவத்தில் இரண்டிலும் சரியாக இரண்டு மில்லிமீட்டர் குறைந்திருந்தது. “தப்பா அளந்திருக்கான்” என்று ஓட்டுநர் கிசுகிசுத்தார். “ரெண்டு பக்கமும் ஒரே மாதிரியாங்க தப்பு வரும்?” என்று மனைவி திருப்பிக் கிசுகிசுத்தார்.

பிறகு அவர் பிரேம் செய்பவரிடம் போய் நின்றார். “இந்த பிரேமுக்குக் கண்ணாடி எவ்வளவுன்னு நீங்க சொல்லுவீங்களா?”

“நான் பிரேமோட உள்ளளவை அப்படியே சொல்லிடுவேன். குறைக்கிறது அண்ணன் பாடு.”

“குறைக்கிறதா?”

“ரெண்டு மில்லி குறைச்சு வெட்டணுங்க. அளவுக்கு அளவு வெட்டினா உள்ளே உட்காராது. அமுக்கி வச்சோம்னா பட்டுனு வெடிக்கும். அண்ணனுக்கு அதெல்லாம் கணக்கே வேண்டாம், கையே குறைச்சிடும். இத்தனை வருஷத்துல ஒரு கண்ணாடி திரும்பி வந்ததில்லை தெரியுமா?”

இதற்குள் ஓட்டுநர் பின்சுவரோரம் இருந்த குப்பைப் பெட்டியைக் கிளறிவிட்டார். மேலே கசங்கிய காகிதம். அடியில் கை அகலத்துக்கும் மேலே, கிட்டத்தட்ட முழுசாக, கண்ணாடித் துண்டுகள் அடுக்கியிருந்தன. மனைவியை ஓரமாக இழுத்துப்போனார்.

“திருட்டும்மா! நல்ல கண்ணாடியை ஒளிச்சு வச்சிருக்காங்க.”

“திருடினவங்க குப்பையிலயா ஒளிப்பாங்க?” விசாரணையம்மா ஒரு துண்டை எடுத்து மேசையின் மூலையோடு வைத்துப் பார்த்தார். ஒரு பக்கம் நூலளவு கோணியிருந்தது. அடுத்ததும் அப்படியே. பிறகு அவர் காலால் பிரேம் மேசைக்கு அடியில் லேசாகத் தேய்த்தார். மரத்தூள் ஒரு விரற்கடை உயரம் படிந்திருந்தது. ஒரு வாரத்துத் தூளாவது இருக்கும். “தினமும் ரெண்டு மணி நேரம் பெருக்கிற இடமாங்க இது?”

ஓட்டுநர் பெருக்காத தரையையும் குப்பைப் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் புரியவில்லை. ஆனால் மனைவியின் முகத்தைப் பார்த்தவுடன், புரிந்தால் சந்தோஷப்படும்படியான விஷயம் அல்ல இது என்று மட்டும் தெரிந்தது. எதையாவது கண்டுபிடித்தால் வழக்கமாக அவர் கண்ணில் ஒரு சிரிப்பு வரும். இன்று வரவில்லை.

“சொல்லட்டுமா, வேண்டாமான்னு இருக்குங்க” என்றார் விசாரணையம்மா.

“சொல்லலேன்னா?”

“அந்தப் பிரேம்காரருக்கு நாளையிலேருந்து வேலை கிடையாது.”

“அப்போ சொல்லித்தானே ஆகணும்.”

ஐந்து மணிக்கு வேலை முடிந்ததும் எல்லோரும் கண்ணாடி மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தாங்கள் யார் என்பதை விசாரணையம்மா சொல்லி, படிவத்தை மேசையில் வைத்தார். பிரேம் செய்பவர் முதல் முறையாக வாயை மூடினார். பிறகு திறந்தார்.

“நான் பதிவு பண்ணச் சொன்னேன், ஆமா. ரம்பத்துல வேலை செய்யறவன், பிள்ளைகுட்டி இருக்கு, சொல்லமாட்டேனா? ஆனா இதை நான் எழுதலைக்கா. எழுதியிருந்தா என் பேச்சைப் பத்திதான் உங்களுக்குத் தெரியுமே, அன்னிக்கே உளறியிருப்பேன்.”

“நீங்க எழுதலை” என்றார் விசாரணையம்மா. “நீங்க எழுதியிருந்தா அறையோட அளவு உள்ளளவா, உள்ளபடி இருந்திருக்கும். எட்டாயிரத்து நானூறு. இதை எழுதினவரோட கை, அளந்த அளவுலேருந்து தானாவே ரெண்டு மில்லியைக் குறைச்சிருக்கு. அறைக்குக் குறைக்க வேண்டியதில்லைன்னு கைக்குத் தெரியலை.”

எல்லோரும் கண்ணாடி வெட்டுபவரைப் பார்த்தார்கள். அவர் தலை குனிந்திருந்தது. பிரேம் கடையம்மா படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

“அண்ணன் ஏன் பொய் எழுதணும்?” என்றார்.

“பொய் ஒண்ணும் எழுதலை. நாலு பேர்னு எழுதியிருக்கார், நாலு பேர் இருக்கீங்க. நாலாவது ஆள் பார்சல் கட்டற ஆள்னு நினைச்சுத் தேடினீங்க. தப்பான இடத்துல தேடினீங்க.” விசாரணையம்மாவின் குரல் மிகவும் தணிந்திருந்தது. “பதினாலாவது கட்டத்துல டிக் இருக்கு. முதலாளியும் வேலை செஞ்சா, அவங்களும் ஒரு ஆளாச் சேர்ந்துக்கலாம்னு அர்த்தம். முப்பது வருஷத்துல அந்தக் கட்டத்தை நிரப்பினவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். அதனால மூணு பேர் உங்க ஆளுங்க, ஒருத்தர் நீங்க. இப்போ நீங்களே சொல்லுங்க. இந்தக் கடையில ஏழு மாசமா கண்ணாடி வெட்டறது யாரு?”

பிரேம் கடையம்மா பிளாஸ்திரி போட்ட விரல்களை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

“காலையில ஏழு மணிக்கு வந்து பெருக்கறேன்னீங்க. தரை அப்படிச் சொல்லலை. கோணலாப் போன கண்ணாடியெல்லாம் குப்பையில காகிதத்துக்கு அடியில இருக்கு. ஒன்பது மணிக்கு மத்தவங்க வரும்போது அடுக்குல இருக்கிறது எல்லாம் சரியா இருக்கு. இதுக்கு மேல நான் சொல்லக்கூடாது. ஒருத்தர் செஞ்ச வேலையை, அவருக்குத் தெரியாம, அவர் மனசு நோகாம மறுபடி செஞ்சு வைக்கிறது என்னன்னு எனக்கும் தெரியும்.”

ஓட்டுநர் நிமிர்ந்தார். “எந்த வேலையை?”

“டம்ளர். வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாங்க.”

யாரும் சிரிக்கவில்லை. கண்ணாடி வெட்டுபவர்தான் மெல்லப் பேசினார்.

“கண்ணு போயிட்டே இருக்குதும்மா. மூக்குகிட்ட வச்சா எழுத்து தெரியுது. ஆனா கண்ணாடி மேல கோடு தெரியலை. ஏழு மாசத்துக்கு முன்னாடி ஒருநாள் சாயங்காலம் நாலு கண்ணாடி கோணலாப் போச்சு. காலையில வந்து ஒத்துக்கலாம்னு படுத்தேன். தூக்கமே இல்லை. காலையில வந்து தடவிப் பார்த்தா நாலும் சரியா இருக்கு. வெட்டின ஓரத்துல கட்டைவிரலை ஓட்டினேன். என் வெட்டு இல்லை அது. கண்ணுக்குத் தெரியாட்டி என்ன, இருபத்தாறு வருஷம் வெட்டின கைக்குத் தெரியாதா?”

“அண்ணே...”

“அன்னிக்கே சொல்லியிருக்கணும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு போயிடுச்சு. அதுக்குள்ள உங்க கையில ஒவ்வொரு பிளாஸ்திரியா ஏறுது. வேலையில வெட்டுப்பட்டா எங்க மூணு பேருக்காவது சட்டம் இருக்கு. உங்களுக்கு ஒண்ணுமே இல்லைன்னு யாரோ சொன்னாங்க. அந்த ஆபீசுக்கே போனேன். கவுன்டர்ல ஒரு பொண்ணுகிட்ட, முதலாளிக்கு விரல் போனா இழப்பீடு கேட்க வழி இருக்கான்னு கேட்டேன். இருக்கு தாத்தா, இந்தக் கட்டத்துல டிக் போடுங்கன்னு கையைப் பிடிச்சுக் காட்டுச்சு. கண்ணாடி வெட்டறது நீங்கன்னு எழுதினேன். என்னை பார்சல்ல போட்டுக்கிட்டேன். உங்க டெலிவரி சீட்டுக்கு நடுவுல செருகிட்டேன். காகிதமும் கயிறும் கைக்குத் தெரியும்மா. அதுக்குக் கண்ணு வேண்டாம்.”

பிரேம் கடையம்மா அழுதுகொண்டிருந்தார். மறைக்கவும் முயலவில்லை.

“இந்தப் பதிவே வேண்டாம்னு நான் இருந்ததே உங்களுக்காகத்தான் அண்ணே. ஆய்வாளர் வந்தா ஒவ்வொருத்தரையா எந்திரத்துகிட்ட நிக்க வச்சுப் பார்ப்பாராம். உங்க கண்ணைப் பார்த்துட்டு வேலையை விட்டு அனுப்பச் சொல்லிட்டா? எனக்குக் குழந்தை பிறந்தப்போ மூணு மாசம் ஒத்தை ஆளா இந்தக் கடையை நடத்தினவர் நீங்க. உங்களை எப்படி வீட்டுக்குப் போங்கன்னு சொல்லுவேன்? நீங்களாவது எங்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“நீங்க சொல்லலையேம்மா” என்றார் அவர்.

பிரேம் செய்பவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மரத்தூளின் மேல் பழி போட்டார். பிரேம் கடையம்மா அவர் பக்கம் திரும்பி, “உன்னைத்தான்டா தப்பா நினைச்சேன்” என்றார். “என்னிக்கு என்னை சரியா நினைச்சீங்க அக்கா” என்று அவர் சொல்ல, அட்டை ஒட்டும் பெண்தான் முதலில் சிரித்தார்.

கண்ணாடி வெட்டுபவர் கையை நீட்டினார். “உங்க கையைக் காட்டுங்க.” பிரேம் கடையம்மா தயங்கித் தயங்கிக் கொடுத்தார். அவர் ஒவ்வொரு பிளாஸ்திரியையும் விரலால் தொட்டுப் பார்த்தார். “நினைச்சேன். கோடு கிழிச்சதும் கட்டைவிரலை உள்ளே வச்சு உடைக்கிறீங்க. ஓரத்துல விரலை ஓட்டும்போதே தெரிஞ்சுது, இப்படித்தான் பிடிக்கிறாங்கன்னு. ஏழு மாசமா சொல்லத் துடிச்சேன். எப்படிச் சொல்லுவேன்? வெளியே வைங்க. இப்படி.”

அவர் பிரேம் கடையம்மாவின் கட்டைவிரலைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தார். ஒரு கண்ணாடித் துண்டு டக்கென்று நேராக உடைந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது ஓட்டுநர் மூன்று தெரு வரைக்கும் பொறுத்துப் பார்த்தார்.

“எத்தனை நாளா?”

“நீங்க ரிடையர் ஆன மறுநாள்லேருந்து” என்றார் மனைவி. “அடியில டீத்தூள் அப்படியே இருக்கும்ங்க.”

ஓட்டுநர் கோபித்துக்கொள்ளத்தான் நினைத்தார். வரவில்லை. இத்தனை நாளாகத் தான் தூங்கப் போன பிறகு சமையலறையில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டதும், குழாய் ஒழுகுகிறது என்று இரண்டு தடவை வாஷர் மாற்றியதும் நினைவுக்கு வந்தன. மனைவியின் கைப்பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் பதினோரு மணிக்கு ஆய்வாளர் வந்தார். படம் வாங்கும் சாக்கில் ஓட்டுநரும் மனைவியும் ஒரு மூலையில் நின்றார்கள். ஆய்வாளர் தன் நாடாவால் அறையை அளந்தார். படிவத்தைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

“யாருங்க மில்லிமீட்டர்ல எல்லாம் எழுதினது? அதுவும் ரெண்டு குறையுது.”

“தொழில் புத்தி சார்” என்றார் பிரேம் செய்பவர்.

ஆய்வாளர் ரம்பத்தின் காப்புத் தகட்டைப் பார்த்தார், பசை டப்பாவை முகர்ந்தார். கண்ணாடி மேசைக்கு வந்து நின்றார். “இங்கே வெட்டறது யாரு?”

பிரேம் கடையம்மா கையைத் தூக்கினார். இரண்டு கை விரல்களும் எல்லோருக்கும் தெரியும்படி இருந்தன.

“எத்தனை நாளா?”

“ஏழு மாசமா.”

ஆய்வாளர் பிளாஸ்திரிகளைப் பார்த்தார். பேனாவை எடுக்காமல் சற்று யோசித்தார். “இன்னும் கை பழகலை போலிருக்கே. இதை நம்பி எப்படிம்மா பதிவு பண்றது?”

அறையின் மறுகோடியில், புதிய மேசையில், கண்ணை மூடிக்கொண்டு ஒரு பிரேமைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்த பார்சல்காரர் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டார். பிறகு குரல் வந்த திசையை நோக்கித் திரும்பினார்.

“எல்லாம் பழைய வெட்டு சார். நேத்து சாயங்காலத்துலேருந்து அவங்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை.”

ஆய்வாளர் அந்தக் கைகளை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, ஆட்கள் நான்கு, சரி என்று எழுதினார்.